மூடி திறக்கும் நேரம்

திருவண்ணாமலையில் தேரடித் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் பெரியப்பாவின் ஸ்டூடியோ இருந்தது. எங்கள் ஊர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. முன்னால் மர பெஞ்சு போட்ட கூடம், நடுவில் படம் எடுக்கும் அறை, கடைசியில் இருட்டறை. நடு அறையின் வடபுறக் கூரையில் ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்திருந்தார்கள். கரண்ட் வராத காலத்தில் தாத்தா செய்த ஏற்பாடு அது. வடக்கு வெளிச்சத்தில் ஆண்டின் பெரும்பகுதிக்கு நேர்வெயில் இறங்காது, முகத்தில் நிழல் வெட்டாது. சித்திரைக் கடைசியிலிருந்து ஆடி வரை உச்சிவெயில் அந்தப் பக்கம் சாயும். அந்த மாதங்களில் மட்டும் பெரியப்பா கண்ணாடிக்குக் கீழே வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிவிடுவார். பெரிய பல்புகள் வாங்கிய பிறகும் காலை வேளையில் அந்தக் கூரை வெளிச்சத்தைத்தான் அவர் நம்பினார்.

1980-களின் தொடக்கம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கேதான் போவேன். அறைக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை வரும். பழைய மரம், ஹைப்போ, பவுடர், மல்லிகைப்பூ எல்லாம் கலந்த வாசனை. படம் எடுக்க வருகிற பெண்கள் அங்கிருந்த கண்ணாடிமுன் நின்று பவுடர் பூசிக்கொள்வார்கள். அதற்கென்றே ஒரு டப்பாவும் சீப்பும் பெரியப்பா வைத்திருந்தார்.

அறை நடுவே மூன்று கால்களில் ஸ்டாண்டு கேமரா நிற்கும். தேக்குமரப் பெட்டி, பித்தளைப் பூண்கள், மடிப்பு மடிப்பாக விரியும் கருப்புத் துருத்தி. அதன் பெயர் வாகீஸ்வரி. கேரளத்து ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் 1940-களில் செய்ய ஆரம்பித்தது. இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் குடும்பத்திலிருந்து வந்தவர் அவர். ஆர்மோனியத் துருத்தி பழகிய கைதான் கேமராத் துருத்தியையும் மடித்தது என்று பெரியப்பா சொல்லும்போது அவர் குரலில் ஒரு மரியாதை இருக்கும். காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு அந்தக் கேமராவுக்கும் ஒரு சுற்று காட்டுவார்.

வாடிக்கையாளர்கள் செங்கம், தண்டராம்பட்டு, கீழ்ப்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருவார்கள். கல்யாணம் ஆன ஜோடி, வேலைக்கு மனுப்போடும் பையன், காது குத்திய குழந்தை. வந்ததும் உட்காரவைத்துப் படம் எடுத்து அனுப்ப மாட்டார் பெரியப்பா. முன்கூடத்து பெஞ்சில் உட்காரச் சொல்லுவார். "இந்த வருசம் மல்லாட்ட எப்படி? காய் புடிச்சிருக்குதா?" என்று பேச்சுக் கொடுப்பார். பேசிக்கொண்டே அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தப் பக்கம் திரும்பினால் முகம் மலர்கிறது, எந்தக் கண் சற்றே சிறியது, சிரித்தால் பல்லை மறைக்கக் கை போகிறதா என்பதெல்லாம் அந்தப் பேச்சுக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். நாற்காலியில் உட்காரும் நேரத்தில் படம் ஏற்கெனவே பாதி முடிந்திருக்கும்.

கருப்புத் துணிக்குள் என்னையும் அழைத்துக்கொள்வார். அதற்குள் ஒரு தனி உலகம். தேய்த்த கண்ணாடிமேல் எதிரே இருப்பவர் தலைகீழாகத் தெரிவார். முதல்முறை பார்த்தபோது என் வயிற்றுக்குள் என்னமோ செய்தது. பெரியப்பா என் தலையைப் பிடித்து நேராக நிறுத்தினார். "பாப்பா, தலகீழா பாக்கும்போது அது யாருன்னு தோணாது. அது நல்லது. வெளிச்சம் எங்க விழுது, இருட்டு எங்க தங்குதுன்னு மட்டும் பாரு" என்றார். அன்றிலிருந்து நான் அந்தக் கண்ணாடியில் ஆளைத் தேடுவதை விட்டேன். ஒரு கன்னத்தின் விளிம்பில் வெளிச்சம் எப்படி மெல்ல இறங்கி மோவாயின் கீழே கரைகிறது என்று பார்க்கப் பழகினேன்.

பிறகு கட் ஃபிலிம் ஏற்றிய பெட்டியைச் சொருகி, லென்ஸ் மூடியில் கைவைத்து நிற்பார். அந்தக் கேமராவுக்கு ஷட்டர் கிடையாது. மூடியை எடுத்தால் படம் ஆரம்பம், வைத்தால் முடிவு. அந்த நேரத்தில் அவர் கேமராவைப் பார்ப்பதே இல்லை. நாற்காலியில் இருப்பவரின் மார்பைப் பார்ப்பார். ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கழுத்து நரம்பு புடைக்கும், தோள் உயரும். மூச்சு வெளியே போய்த் தோள் இறங்கும் அந்த இடைவெளிக்காகக் காத்திருப்பார். அது வந்ததும் மூடி எழும். உதட்டுக்குள் "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிவிட்டு மறுபடி மூடுவார். எழுந்து போகிறவர்கள் பலருக்குப் படம் எடுத்தாகிவிட்டது என்பதே தெரியாது. "ஆயிடுச்சாங்க?" என்று கேட்பார்கள்.

அதற்குப் பிறகு இருட்டறை. சிவப்பு விளக்கடியில் டெவலப்பர் தட்டில் தாள் மிதக்கும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967-இல் உற்பத்தி தொடங்கிய பிறகு 'இந்து' என்ற பெயரில் நம் நாட்டுச் சரக்கே வந்தது. பெரியப்பாவின் அலமாரியில் அந்தப் பெட்டிகள்தான் அடுக்கியிருக்கும். வெள்ளைத் தாளில் முதலில் கருவிழி வரும், பிறகு தலைமுடி, அப்புறம் புடவைக் கரை. நான் தட்டின் ஓரத்தைப் பிடித்து மெல்ல ஆட்டுவேன். ஆட்டுகிற வேகம் மாறினால் அவருக்குப் பார்க்காமலே தெரியும். "அலை எழும்பாம ஆட்டு" என்பார். தாளில் போடுவதற்கு முன்பே, நெகட்டிவ் காய்ந்ததும் அதைச் சாய்வுப் பலகைமேல் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்தில் டச்சிங் செய்வார். அம்மைத் தழும்புகளும் கண்ணுக்குக் கீழ்க் குழிகளும் அந்தப் பென்சில் முனையில் நிரம்பும். ஒரு முகத்துக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போகும்.

இந்த உலகத்துக்குள் சின்ன மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தாலுக்கா ஆபீசில் கிளார்க். சிங்கப்பூரில் இருந்த சிநேகிதர் ஒருவர் வழியாக அவர் கைக்கு யாஷிகா எலெக்ட்ரோ 35 கேமரா வந்தது. கைக்கு அடங்கும் கேமரா. ஒரு ரோலுக்கு 36 படம். துவாரத்தை நாம் வைத்தால் போதும், ஷட்டர் வேகத்தை அதுவே தீர்மானிக்கும். வெளிச்சம் குறைந்தால் மேலே ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஷட்டர் மெதுவாகத்தான் திறக்கும், கை ஆடக்கூடாது என்பதற்கான எச்சரிக்கை அது. மாமா தோளில் அதை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊரைச் சுற்றுவார். கூடவே நானும்.

ஐயங்குளத்துப் படிகளில் துணி அலசுகிறவர்கள், தேரடியில் மாட்டுவண்டியின் நிழலில் தூங்குகிறவர், பே கோபுரத்துப் பக்கம் கோலி ஆடும் பையன்கள். மாமா நடந்துகொண்டே இருப்பார், நடை தளராது. திடீரென்று கேமரா கண்ணருகே எழும், ஒரு சின்னச் சத்தம், மறுபடி இறங்கிவிடும். நடை அப்படியே தொடரும். என்ன பார்த்தார், எதை எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. ரோலைக் கழுவிப் பார்க்கும்போதுதான் தெரியும். கோலி எறிந்த பையனின் விரல் இன்னும் விரிந்தபடி இருக்கும், கோலி காற்றில் இருக்கும், பின்னால் நிற்கிற நாலு பேரும் நாலு விதமாகக் குனிந்திருப்பார்கள். பெரியப்பாவின் அறையில் யாரும் அப்படி இருந்ததில்லை.

மாமாவின் வேகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை அவர் வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். "அந்தத் தூணு எத்தினி அடி இருக்கும் சொல்லு" என்பார். நான் ஒன்று சொல்வேன், அவர் ஒன்று சொல்வார். பிறகு டேப் வைத்து அளப்போம். தூண், துளசிமாடம், கிணற்றுக் கைப்பிடிச்சுவர், எதிர்வீட்டுப் படி என்று ஒன்றையும் விடமாட்டார். இது எங்கள் சாயங்கால விளையாட்டு. நாளாக ஆக, பத்தடி என்பது எவ்வளவு என்று எங்கள் இருவருக்கும் கண்ணிலேயே பதிந்துவிட்டது. தெருவில் நடக்கும்போது அவர் கேமராவில் தூரத்தைப் பத்தடிக்கும் துவாரத்தை 8-க்கும் முன்கூட்டியே வைத்துவிடுவார். அப்படி வைத்தால் சுமார் ஏழடியிலிருந்து பதினைந்தடிவரை நிற்கிற எல்லாமே தெளிவாக விழும். அதன்பின் தெருவில் நிதானிக்க ஒன்றும் பாக்கி இல்லை. நிதானிக்க வேண்டியதை எல்லாம் திண்ணையிலேயே முடித்திருந்தார்.

பெரியப்பாவுக்கு மாமாவின் படங்கள் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. "கைகால வெட்டி எடுத்துக்கினு வரியே மாப்ளே" என்பார். ஓரத்தில் பாதி ஆள் நிற்பதும் பின்னால் கம்பம் முளைத்திருப்பதும் அவருக்கு ஒவ்வாது. மாமாவோ, "மாமா, உங்க படத்துல எல்லாரும் சாமி மாதிரி குந்தினு இருக்காங்க" என்பார். சண்டை இல்லை. ஆனால் இருவரும் தத்தம் இடத்தை விட்டு நகரவும் இல்லை. எனக்கு இரண்டும் பிடித்திருந்தது. எது சரி என்று கேட்கத் தெரியாத வயது என்பதால், இரண்டையும் முழுசாகப் பார்க்க முடிந்தது.

ஸ்டூடியோ இருந்த சந்தின் முனையில் ஒரு ஆயா கீரை விற்றுக்கொண்டிருந்தார். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், இடுப்பில் சுருக்குப்பை. பெரியப்பா பலமுறை அழைத்தும் உள்ளே வந்து உட்காரவில்லை. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய தலைமுறை. ஒருநாள் மாமா அந்தப் பக்கம் போகும்போது யாரோ சொன்ன பேச்சுக்கு ஆயா குலுங்கிச் சிரித்தார். மாமாவின் கேமரா எழுந்து இறங்கியது. பிறகு அந்தப் படத்தைச் சின்னதாகப் பிரிண்ட் போட்டு அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானாடா இது? எங்கம்மா மாதிரி கீது" என்றார். பிறகு நான்காக மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் ஆயா இறந்துபோனார். காரியத்துக்கு முன் அவர் மகன் ஸ்டூடியோவுக்கு வந்தார். மாலை போட ஒரு படம் வேண்டும். கையில் சுண்ணாம்பும் வெற்றிலைச் சாறும் பட்டு மங்கிப்போன அந்த மடித்த பிரிண்ட். பெரியப்பா அதை விரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாமாவ நெகட்டிவ் எடுத்துக்கினு வரச்சொல்லு" என்றார்.

35 மில்லிமீட்டர் நெகட்டிவில் ஆயாவின் முகம் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதைச் சுவரில் மாட்டுகிற அளவுக்கு வளர்க்கவேண்டும். முதலில் என்லார்ஜரில் வைத்து ஒரு நடுத்தரப் பிரிண்ட் போட்டார். கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டை வெளிச்சத்தின் நடுவே ஆட்டி ஆட்டி, முகத்தை வெளிறவைத்துப் பின்னால் இருந்த கடைப் பலகையை இருட்டில் தள்ளினார். அந்தப் பிரிண்டைக் காயவைத்து, ஃபிலிம் துகள்களைப் புள்ளி புள்ளியாகப் பென்சிலாலும் சன்னத் தூரிகையாலும் நிரவினார். பிறகு அதைச் சுவரில் குத்தி, ஸ்டாண்டு கேமராவை எதிரே நகர்த்தி, கருப்புத் துணிக்குள் புகுந்தார். மாமா ஒரு நொடிக்குள் எடுத்த முகம் பெரியப்பாவின் தேய்த்த கண்ணாடிமேல் தலைகீழாகத் தெரிந்தது. நான் துணிக்குள் அவர் பக்கத்தில் நின்றேன். மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் புதிய நெகட்டிவை மறுபடியும் சாய்வுப் பலகையில் வைத்து வேலை செய்தார். ஆனால் சுருக்கங்களில் அவர் பென்சில் படவில்லை. மகன் வந்து பார்த்து, "வாய மூடினாப்ல ஆக்க முடியுங்களா?" என்று தயங்கிக் கேட்டார். மாலை போடுகிற படத்தில் யாரும் பல் தெரியச் சிரிப்பதில்லை, அது அந்தக் காலத்து வழக்கம். பெரியப்பா, "உங்கம்மா எப்பவும் இப்படித்தான் இருந்தாங்க. இருக்கட்டும்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல்முறை. அந்தப் படம் பல ஆண்டுகள் அவர்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே சிரித்துக்கொண்டிருந்தது. மாமாவின் கை இல்லாவிட்டால் அந்தச் சிரிப்பே கிடையாது. பெரியப்பாவின் கை இல்லாவிட்டால் அது சுருக்குப்பையோடு அழிந்திருக்கும்.

அந்த ஆண்டு முழுப்பரீட்சை லீவில் எனக்கு ஒரு அக்ஃபா கிளிக் 3 கிடைத்தது. யாரோ ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டுப் போன பழைய கேமரா. வெயில், மேகம் என்று இரண்டே நிலை. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். பெரியப்பா ரோலைப் போட்டுக்கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: "ஒரே எடத்த எடு. கோயில் பிரம்ம தீர்த்தக் கரையா, நம்ம சந்தா, நீயே சொல்லு. தெனம் போயி பாரு. எடுக்கணும்னு அவசியம் இல்ல." மாமா தனியாகக் கூப்பிட்டு வேறொன்று சொன்னார்: "கடைசி ரெண்டு படத்த வச்சிக்கோ. வழியில எதாச்சும் உன்னக் கூப்பிடும். அப்ப யோசிக்காத."

இரண்டு பேர் சொன்னதையும் நான் செய்தேன். எங்கள் சந்தைத்தான் தேர்ந்துகொண்டேன். காலையில் சந்தின் கிழக்கு முனையிலிருந்து வெயில் தரையோடு தரையாக வரும். பால்காரரின் சைக்கிள் நிழல் ஒரு வீட்டு நீளத்துக்கு நீளும். பத்து மணிக்கு வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிடும். மத்தியானம் சந்து வெளுத்துப்போகும், பார்க்க ஒன்றும் இருக்காது. நாலரைக்கு மறுபடி எதிர்ச்சுவர் பிடித்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து ஓடித்திரிந்த சந்தை நான் அந்த லீவில்தான் பார்த்தேன். எந்தத் திண்ணையில் எப்போது வெளிச்சம் வரும் என்று தெரிந்தபின், அங்கே யாராவது வந்து உட்காரும்போது என் கை தானாகவே எழுந்தது. மாமா சொன்ன அழைப்பு என் காதில் விழுந்ததற்குக் காரணம் பெரியப்பா சொன்ன காவல்.

கார்த்திகை தீபத்தன்று இது இன்னும் தெளிவாயிற்று. தீபத்துக்கு ஊரே உருமாறிவிடும். விடியற்காலை நாலு மணிக்குப் பரணி தீபம். அதற்கு முந்தைய இரவிலிருந்தே பஸ்கள் வந்துகொண்டிருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் வெளியே வருவார். ஆண்டுக்கு ஒருமுறை, அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே அவர் காட்சி தருவது. அதே வேளையில் 2,668 அடி உயரத்து மலையுச்சியில் கொப்பரையில் தீபம் ஏறும். அதைக் கண்ட பிறகுதான் ஊரில் வீட்டுக்கு வீடு விளக்கேற்றுவார்கள். ஒரு பகல் முழுக்கக் காத்திருக்கும் லட்சக்கணக்கான கண்கள் ஒரே நொடியில் ஒரே திசையில் திரும்பும் நாள் அது.

பெரியப்பா ஸ்டாண்டு கேமராவைத் தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடிக்கு ஏற்றியிருந்தார். கோயிலுக்கு மேற்கே மலை. அந்த மாடியிலிருந்து ராஜகோபுரமும் அதன் பின்னால் மலையும் ஒரே வரிசையில் தெரியும். மத்தியானமே கால்களை ஊன்றி, ஒவ்வொரு காலடியிலும் ஈரச் சாக்கில் மணல் கட்டி வைத்துவிட்டார். மாடியில் யாரும் நடக்கக்கூடாது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும், வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கும்போது மூடியை எடுத்துக் கொஞ்சநேரம் காட்டினார். மலையின் கோடும் கோபுரமும் ஃபிலிமில் பதிந்தன. மூடியை வைத்தார். கேமராவை இம்மியும் அசைக்காமல் அதே ஃபிலிமில் தீபத்துக்காகக் காத்திருந்தோம். "மலைக்கு ஒரு வெளிச்சம், தீபத்துக்கு ஒரு வெளிச்சம். ரெண்டும் ஒரே நேரத்துல கெடைக்காது பாப்பா. ரெண்டு தரம் வாங்கணும்" என்றார்.

எங்களுக்கு முதுகுப் பக்கம் கிழக்கில் நிலா ஏறிக்கொண்டிருந்தது. கீழே தெருவெங்கும் தலைகள். அந்த இரைச்சல் ஒரு கட்டத்தில் தானாகக் குறைந்தது. யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரு முழுக்கப் பேச்சு அடங்கியது. பெரியப்பாவின் கை அப்போதே மூடியை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உச்சியில் பொறி தெரிந்தது, "அண்ணாமலையானுக்கு அரோகரா" என்ற குரல் எழுந்து மாடிச்சுவரை அதிரவைத்தது. அவர் கண்ணில் நீர் வழிய நின்றிருந்தார். கை மட்டும் எண்ணிக்கை தப்பாமல் மூடியை மறுபடி வைத்தது.

மாமா சன்னதித் தெருவில் கூட்டத்துக்குள் இருந்தார். மத்தியானத்திலிருந்து ஒரே இடம். சாப்பிடக்கூட நகரவில்லை. எல்லாரும் மலையைப் பார்த்து நிற்க, அவர் மலைக்கு முதுகு காட்டி மக்களைப் பார்த்து நின்றார். ஏ.எஸ்.ஏ. 400 ஓர்வோ ஃபிலிம். வெளிச்சம் குறையக் குறையத் துவாரத்தைத் திறந்துகொண்டே வந்தார். மஞ்சள் விளக்கு எரிந்ததும் தோளை ஒரு சுவரில் சாய்த்து, முழங்கையை விலாவில் அழுத்திக்கொண்டார். தீபம் ஏறிய அந்த நொடியில் அவர் எதிரே இருந்த முகங்கள் அவ்வளவும் அந்த ஒரே ஃபிரேமில் வந்திருந்தன. தலைக்குமேல் குவிந்த கைகள், திறந்த வாய்கள், அழுதுகொண்டிருந்த ஒரு தாத்தா, அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து யாரும் பார்க்காத பக்கம் பார்க்கும் குழந்தை.

மறுநாள் இரண்டு பிரிண்டையும் இருட்டறைக் கயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். பெரியப்பா மாமாவின் படத்தை வெகுநேரம் பார்த்தார். "எத்தினி நேரம் நின்ன மாப்ளே?" "மத்தியானத்துலேர்ந்து." "அப்ப இது அவசரமா எடுத்தது இல்ல" என்றார் பெரியப்பா. மாமா கேட்டார்: "மாமா, ஜனங்க கத்தறதுக்கு முன்னாலயே மூடியத் தொறந்துட்டீங்கன்னு பாப்பா சொல்லுது. எப்படித் தெரிஞ்சுது?" பெரியப்பா, "தெரியல. கை தொறந்துச்சு" என்றார். இரண்டு பேரும் கொஞ்சநேரம் பேசவில்லை. நிதானக்காரரின் கையில் அந்த ஒரு நொடியும், வேகக்காரரின் காலடியில் அந்த ஒரு பகலும் இருந்ததை நான் அந்தக் கயிற்றடியில் நின்று பார்த்தேன்.

கல்லூரிக்கு வந்த பிறகு நூலகத்தில் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனின் படங்களைப் பார்த்தேன். கையில் லைக்காவோடு தெருவில் அலைந்து, நொடியைப் பிடிப்பதற்குப் பேர்போன பிரெஞ்சுக்காரர். 1952-இல் வந்த அவருடைய புத்தகத்தால் உலகம் முழுக்க அந்த வகைப் படக்கலைக்கு ஒரு முகவரி கிடைத்தது. அவர் எங்கள் ஊருக்கு வந்திருந்தார் என்று படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் ஆசிரமத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்தபோது வானத்தில் ஒரு ஒளி மலையை நோக்கி நகர்ந்ததைப் பார்த்து, கடிகாரத்தில் மணி 8.47 என்று குறித்துவைத்தவரும் அவரே. பெரியப்பா அப்போது சிறுவன். தெருவில் நின்று தானும் அந்த ஒளியைப் பார்த்ததாகச் சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

அதே மகரிஷியின் இன்னொரு படம் எங்கள் ஸ்டூடியோவின் முன்கூடத்தில் இருந்தது. வெல்லிங் என்ற போட்டோகிராபர் 1946-இல் எடுத்த முகப்படம். ஊரில் பாதி வீடுகளில் அதுதான் இருக்கும். அந்தக் கண்களை ஒருமுறை பார்த்தால் விலக முடியாது. படம் எடுக்க வந்தவர்களை அதன் எதிரே உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருப்பார் பெரியப்பா. வருகிறவர்களுக்கு அந்தப் படமே பாதி நிதானத்தைக் கொடுத்துவிடும் என்பார். ஒரே மனிதரை இரு வேறு கைகள் அணுகிய படங்கள் ஒரே ஊரில் விளைந்திருக்கின்றன.

கார்த்தியே-பிரெஸ்ஸோனைப் பற்றி மேலும் படித்தபோது மாமாவின் திண்ணை நினைவுக்கு வந்தது. கேமராவைத் தீவிரமாக எடுப்பதற்கு முன் இளம் வயதில் அவர் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் ஓவியம் பயின்றவர். கோடுகளும் வடிவங்களும் ஒரு சட்டத்துக்குள் எப்படிப் பொருந்துகின்றன என்று பலகை முன்னால் உட்கார்ந்து கற்றவர். 1970-களில் கேமராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடியும் பென்சில் சித்திரத்துக்கே திரும்பினார். நொடியைப் பிடித்த அந்தக் கண் மணிக்கணக்கில் வரைந்து வரைந்து வளர்ந்தது.

பெரியப்பாவும் மாமாவும் இன்று இல்லை. ஸ்டூடியோ இருந்த இடத்தில் துணிக்கடை வந்துவிட்டது. ஸ்டாண்டு கேமரா என் வீட்டில் இருக்கிறது, துருத்தி இன்னும் விரிகிறது. படம் எடுப்பது என் பிழைப்பு இல்லை. ஆனால் வாரத்தில் சில மணிநேரம் அதற்கென்றே வைத்திருக்கிறேன், அதை இரண்டாகப் பிரித்திருக்கிறேன்.

ஒரு பாதி ஒரே இடத்துக்கு. சில ஆண்டுகளாக அது ஊருக்கு வெளியே ஒரு ஏரிக்கரை. முக்காலியும் பழைய சதுரப் பட கேமராவும் கொண்டுபோவேன். கருவேல மரத்தின் எந்தக் கிளையில் கொக்கு இறங்கும், தண்ணீர் வற்றும்போது முதலில் எந்த மேடு தெரியும், காற்று எந்த நேரத்தில் நின்று நீர் கண்ணாடியாகும் என்பதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். பல நாட்கள் மூடியைத் திறக்காமலே திரும்புவேன். மறுபாதி பௌர்ணமி கிரிவலத்துக்கு. பதினாலு கிலோமீட்டர், கூட்டத்தோடு கூட்டமாக. கையில் போன் மட்டும். நிற்பதில்லை, திரும்பிப் போய் எடுப்பதில்லை. கண்ணில் பட்டதைக் கை எடுக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் செய்தால் என்ன ஆகிறது என்றும் பார்த்திருக்கிறேன். ஏரிக்கரைக்கு மட்டுமே போன மாதங்களில் என் படங்கள் ஒழுங்காக இருந்தன, உயிர் குறைந்தது. எதிர்பாராத ஒரு ஆடு குறுக்கே வந்தால்கூட அது போகட்டும் என்று காத்திருந்தேன். அந்த ஆடுதான் படம் என்பது கிரிவலத்தில் பழகிய கைக்குத்தான் தெரிகிறது. போனில் மட்டுமே எடுத்த மாதங்களில் கூட்டம் கூட்டமாகப் படங்கள் சேர்ந்தன, எல்லாம் ஒரே முகமாக இருந்தன. அவற்றில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கவனமே இல்லை. நிதானம் சம்பாத்தியம், நொடி செலவு. சம்பாதித்து மட்டும் வைக்கிறவரிடமும், செலவு மட்டும் செய்கிறவரிடமும் கடைசியில் ஒன்றும் தங்குவதில்லை.

இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. பெரியப்பா ஒரு ஆண்டில் எடுத்ததை ஒரு கல்யாணத்தில் எடுத்துவிடுகிறோம். அதில் தப்பே இல்லை, அந்த வேகத்தை நான் நேசிக்கிறேன். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். புதுக் கேமரா வேண்டாம், போனே போதும். உங்கள் தெருவிலோ மாடியிலோ ஒரு இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அடிக்கடி போங்கள், வேறு வேறு நேரத்தில் போங்கள், எடுக்காமலும் திரும்பி வாருங்கள். வெளிச்சம் எங்கே விழுகிறது, இருட்டு எங்கே தங்குகிறது என்று பாருங்கள். ஒருநாள் உங்களைக் கேட்காமலே உங்கள் கை எழும். அன்றைக்கு அதைத் தடுக்காதீர்கள்.